மூச்சுக்கு ஏற்ற மலைப்பாதை

நுரையீரல் நோயிலிருந்து தேறி வருபவர்களும் உடனிருந்து அவர்களைக் கவனிப்பவர்களும் மலைப்பகுதி என்றதும் தயங்குகின்றனர். மேடு ஏறினால் மூச்சு முட்டும் என்பது அவர்கள் பட்டு அறிந்த உண்மை. அந்தத் தயக்கத்தை நாங்கள் குறை கூறமாட்டோம். ஆயினும் மலையில் உள்ள பாதைகள் யாவும் மேடல்ல. அதற்குச் சான்றாக, ஜெர்மனிக்கும் செக் குடியரசுக்கும் இடையே எல்லையாக நீண்டு கிடக்கும் எர்ஸ்கெபிர்கே மலைத்தொடரைப் பற்றி இவ்விதழில் எழுதுகிறோம். நுரையீரலைப் பற்றி மருத்துவம் பல பாடங்களைக் கற்றுக்கொண்ட மண் அது.

எர்ஸ்கெபிர்கே என்றால் 'தாது மலை' என்று பொருள். 1168ஆம் ஆண்டு ஃபிரைபெர்க் அருகே வெள்ளி கிடைத்தது. அது முதல் வெள்ளீயம், கோபால்ட், யுரேனியம் என்று நூற்றாண்டுகள்தோறும் அந்த மலை குடையப்பட்டு வந்தது. 1516இல் வெள்ளிக்காகவே எழுந்த ஊர் யோவாகிம்ஸ்தால். இன்று அதன் பெயர் யாகிமோவ். அவ்வூர் வெள்ளியில் அடிக்கப்பட்ட 'தாலர்' நாணயத்திலிருந்தே டாலர் என்னும் சொல் பிறந்தது.

1527இல் அவ்வூருக்கு மருத்துவராக வந்தவர் கியோர்க் அக்ரிகோலா. மருத்துவப் பணி போக மிஞ்சிய நேரத்தைச் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் செலவிட்டார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1556இல், வெளிவந்த அவருடைய சுரங்கவியல் நூல், தூசி நுரையீரலை அரிப்பதை எடுத்துரைக்கிறது. காற்றை உள்ளே செலுத்தும் பொறிகளை விவரிக்கிறது. தொழிலாளர்கள் முகத்தில் துணித்திரை கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது. கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களை அடுத்தடுத்து இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்றும் அவர் குறித்திருக்கிறார். நோயாளியை மட்டுமல்லாமல், அவருக்குப் பின் வீட்டில் எஞ்சியவரையும் நினைத்த மருத்துவர் என்றே அவரை எண்ணத் தோன்றுகிறது.

இதே மலையின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கிய நோய் ஒருவகைப் புற்றுநோய் என்பதை 1879இல் ஹெர்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். யாகிமோவின் யுரேனியத் தாதுவிலிருந்து 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயுவே அத்தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1950களில் அதே ஊரின் யுரேனியச் சுரங்கங்களில் அரசியல் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். அவர்கள் அடைக்கப்பட்ட முகாம்களின் வழியே செல்லும் நடைபாதைக்கு 'யாகிமோவ் நரகம்' என்று பெயர். மனம் சோர்ந்திருக்கும் வேளையில் அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

நாங்கள் முன்வைக்கும் பாதை வேறு. போஜி தார் என்னும் சிற்றூர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. அங்கிருந்து ஹோர்னி பிளட்னாவின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு நீர் கொண்டுசெல்ல 1540 முதல் 1544 வரை ஒரு வாய்க்காலை வெட்டினார்கள். நீளம் 12, 13 கிலோமீட்டர். சரிவு மிகுந்தால் நீர் பாய்ந்து கரையை அறுக்கும், குறைந்தால் தேங்கும். ஆகவே மலையின் வளைவுகளையொட்டி, கண்ணுக்குப் புலப்படாத மென்சரிவில் அது வளைந்து வளைந்து செல்கிறது. கரையோரமாகவே நடைபாதையும் செல்கிறது, மிதிவண்டியிலும் போகலாம். ஒரு பக்கம் ஊசியிலைக் காடு, மறுபக்கம் ஓசையின்றி நகரும் நீர். தாதுவுக்காக அன்று கணித்த சரிவு, இன்று மூச்சை அளந்து நடப்பவருக்கு அப்படியே பொருந்துகிறது. போஜி தாரிலிருந்து தொடங்கினால் நீரோடு சேர்ந்து இறங்குமுகமாகவே நடக்கலாம். முழுத் தொலைவையும் கடக்க வேண்டியதில்லை. ஆனால் பாதி வலு தீருமுன்பே திரும்பிவிட வேண்டும்; திரும்பும் வழிக்கும் மூச்சு வேண்டுமே!

உடல் வலு மிக்கவர்களுக்கு 'ஸ்டோன்மேன் மிரிக்விடி' என்னும் மலை மிதிவண்டிப் பாதை உண்டு. 162 கிலோமீட்டர், ஒன்பது சிகரங்கள், மொத்த ஏற்றம் 4,400 மீட்டர். ஒரே நாளில் முடிப்பவருக்குத் தங்கம், இரு நாட்களில் வெள்ளி, மூன்று நாட்களில் வெண்கலம். எங்களைக் கேட்டால் வெண்கலமே மேல். காட்டைப் பார்க்க நேரம் கிடைக்கும். ஏற முடியாதவர்களும் மனம் தளர வேண்டாம். 1,215 மீட்டர் உயரமுள்ள ஃபிக்டெல்பெர்க், 1,244 மீட்டர் உயரமுள்ள கிலினோவெட்ஸ் ஆகிய இரு சிகரங்களுக்கும் உச்சி வரை சாலை இருக்கிறது.

எந்த மலையானாலும், நம் ஊர்க் கால்வாய்க் கரையே ஆனாலும், சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். நடக்கும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். மூச்சு வாங்கினால் நின்று, மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து மெதுவாக வெளிவிடுங்கள். உறிஞ்சு மருந்து பையின் அடியில் கிடக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் நடையை நிறுத்தி உடனே மருத்துவ உதவி பெறுங்கள். உடன் செல்பவர் ஓரடி பின்னால் நடப்பது நல்லது. முன்னால் நடந்தால் நோயாளி தம்மையறியாமல் உங்கள் வேகத்துக்கு ஓடுவார். ஆக்சிஜன் உதவியுடன் இருப்பவர்கள் பயணத்துக்கு முன் தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

யாகிமோவில் 1906 முதல் ரேடான் நீர்க் குளியல் மருத்துவமனைகள் இயங்குகின்றன. பழைய ஸ்வோர்னோஸ்ட் சுரங்கமே இன்றும் அவற்றுக்கு நீர் தருகிறது. மூட்டுவலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் அங்கே குளியல் அளிக்கின்றனர். ஆனால் சுவாசத்தில் சேரும் ரேடான் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. மூச்சுக் கோளாறுக்கு அது மருந்து என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள், எங்களிடம் கேளுங்கள்.

ஆண்டில் பல மாதங்கள் அங்கே பனி மூடியிருக்கும். வாய்க்கால் கரையில் நடக்கக் கோடையே ஏற்றது. வழியில் எதிர்ப்படுவோர் சிலர் 'க்ளுக் ஔஃப்' என்று வாழ்த்தக்கூடும். சுரங்கத்தில் இறங்குபவர் நலமாக மேலே திரும்ப வேண்டும் என்று அம்மலை மக்கள் சொல்லிப் பழகிய வாழ்த்து அது.