மருத்துவ நிபுணரின் ஊதியம்: கையில் எஞ்சுவது எவ்வளவு?

ஊரக மருத்துவ வசதிகளை ஆராயும் அறிக்கைகள் ஒரு குறைபாட்டை மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டுகின்றன. கட்டடங்கள் எழும்புகின்றன, கருவிகளும் வந்து சேர்கின்றன, அவற்றைப் பயன்படுத்த வேண்டிய நிபுணர்தான் வருவதில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களின்படி, ஊரகச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவை எனக் கணக்கிடப்பட்ட அறுவை, மகப்பேறு, பொது மருத்துவ, குழந்தை மருத்துவ நிபுணர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பணியில் இல்லை. மயக்க மருந்து நிபுணர் இல்லாத மருத்துவமனையில் சிக்கலான பிரசவத்தைக் கையாள இயலாது. ஆதிலாபாத் பகுதியிலிருந்து உயர் சிகிச்சைக்காக ஐதராபாத் செல்லும் நோயாளி சுமார் 300 கிலோமீட்டர் கடக்க வேண்டியிருக்கிறது.

நிபுணர்கள் தலைநகரில் குவிவதற்கு அங்குள்ள கூடுதல் ஊதியமே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. வரியும் வாழ்க்கைச் செலவும் போக எஞ்சும் தொகையைக் கணக்கிட்டால், இக்கருத்து ஓரளவே சரியானது என்பது புலனாகும்.

படிகளின் கணக்கு

மாநில அரசுகளின் ஊதிய விகிதங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடினும் அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆதலின், மத்திய அரசின் விதிகளை இங்கு அளவுகோலாகக் கொள்ளலாம். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் 11ஆம் நிலையில் பணியில் சேரும் நிபுணரின் அடிப்படை ஊதியம் 67,700 ரூபாய். தனியாகத் தொழில் நடத்தாமைக்கென அதில் 20 சதவீதம், அதாவது 13,540 ரூபாய், சேர்க்கப்படுகிறது. இவ்விரண்டின் கூட்டுத்தொகைக்கு 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீத அகவிலைப்படி கணக்கிட்டால் மொத்தம் 1,28,359 ரூபாய் ஆகிறது. இதுவரை நாடு முழுவதும் ஒரே தொகைதான்.

ஊரைப் பொறுத்து மாறுபவை இரண்டு. எக்ஸ், ஒய், இசட் என நகரங்கள் மூவகையாகப் பிரிக்கப்பட்டு, வீட்டு வாடகைப்படி அடிப்படை ஊதியத்தில் முறையே 30, 20, 10 சதவீதமாக வழங்கப்படுகிறது. ஐதராபாத் எக்ஸ் பிரிவிலும், வாரங்கல் ஒய் பிரிவிலும், சிறு நகரங்களும் கிராமங்களும் இசட் பிரிவிலும் அடங்கும். போக்குவரத்துப்படி ஐதராபாத் உள்ளிட்ட 19 பெருநகரங்களில் 7,200 ரூபாய். பிற ஊர்களில் 3,600 ரூபாய். இவற்றின் மீதும் அகவிலைப்படி உண்டு.

இவற்றைக் கூட்டினால் ஐதராபாத்தில் மாத ஊதியம் 1,60,045 ரூபாயாகவும், இசட் பிரிவு ஊரில் 1,40,817 ரூபாயாகவும் அமைகிறது. வேறுபாடு 19,228 ரூபாய்.

வரியின் பங்கு

வருமான வரி மத்திய அரசின் வரியாதலால் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் தொகைக்கும் அது பொருந்தும். 2025-26ஆம் நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, மேற்கண்ட வேறுபாடு முழுவதும் 20 சதவீத அடுக்கில் விழுகிறது. வரியின் மீதான 4 சதவீதக் கூடுதல் தீர்வையையும் சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 4,000 ரூபாய் வரியாகப் போய்விடும். எஞ்சுவது சுமார் 15,200 ரூபாய்.

மாநிலங்கள் விதிக்கும் தொழில் வரியில் வேறுபாடு உண்டு. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் அது வசூலிக்கப்படுகிறது, டெல்லியில் இல்லை. ஆயினும் அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு அதன் உச்சவரம்பை ஆண்டுக்கு 2,500 ரூபாய் என வரையறுத்திருப்பதால், நிபுணரின் முடிவை அது பாதிப்பதில்லை.

ஊரைக் காட்டிலும் ஒப்பந்தத்தின் வடிவமே வரியை மிகுதியாக மாற்றுகிறது. தனியார் மருத்துவமனைகளில் நிபுணர்கள் பலர் ஊதியம் பெறும் ஊழியர்களாக அன்றி, ஆலோசனைக் கட்டணம் பெறும் தொழில்முறையாளர்களாகப் பணிபுரிகின்றனர். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயை ஊதியமாகப் பெறுபவர் 2025-26ஆம் நிதியாண்டில் 7,87,800 ரூபாய் வரி செலுத்த வேண்டும். அதே தொகையைக் கட்டணமாகப் பெறுபவர், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்கீழ் அதில் பாதியை வருமானமாகக் காட்டினால், வரி 2,08,000 ரூபாயே. அவருக்கு வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஆகியன இல்லை, தொழிற்செலவும் அவருடையதே. அவற்றைக் கழித்த பின்னரே இரண்டு வருமானங்களையும் ஒப்பிட வேண்டும். இவ்வேறுபாடு ஐதராபாத்திலும் வாரங்கலிலும் ஒரே அளவினதாகும்.

வாழ்க்கைச் செலவை அளத்தல்

ஊர்களின் விலைவாசியை ஒப்பிட, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிறது. இங்கு எச்சரிக்கை தேவை. இக்குறியீடு 2016ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் அதன் பிறகு விலைகள் எவ்வளவு உயர்ந்தன என்பதையே காட்டுகிறது. ஓர் ஊரின் எண் மற்றோர் ஊரின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால், அங்கு விலைகள் விரைவாக ஏறின என்பதே பொருள். அங்கு வாழ்வதற்கு அதிகம் செலவாகும் என்பதன்று. மேலும், அகவிலைப்படி அனைத்திந்தியச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், நகரத்தின் தனி விலைவாசியை அது ஈடுசெய்வதில்லை.

ஆகவே எளிய அளவுகோல் ஒன்றைக் கையாளலாம். ஒத்த வசதியுள்ள வீட்டுக்கு ஐதராபாத்தில் கொடுக்கும் கூடுதல் வாடகையும், பயணம், பள்ளிக் கட்டணம் முதலியவற்றின் கூடுதல் செலவும் சேர்ந்து மாதம் 15,200 ரூபாயைத் தாண்டுமாயின், கையில் எஞ்சும் தொகையில் சிறு நகர நிபுணரே முன்னிற்கிறார். குடும்பத்துடன் வாழ்பவர்க்கு இவ்வெல்லையைக் கடப்பது அரிதன்று. அரசுக் குடியிருப்பு பெற்றவர்க்கு வாடகைப்படி கிடையாது என்பதால், அவரது கணக்கு வேறாகும்.

ஊதியத்திற்கு வெளியே உள்ளவை

அவ்வாறாயின் நிபுணர்கள் நகரத்தை நாடுவது ஏன்? தொழில்களின் ஊதியம் அவற்றின் இன்ப துன்பங்களைச் சேர்த்தே சமநிலை பெறும் என்று ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டிலேயே விளக்கினார். நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகம், உஸ்மானியா, காந்தி மருத்துவமனைகள், பெரிய தனியார் மருத்துவமனைகள் ஆகியவை ஒரே நகரில் இருப்பதால், அங்கு நிபுணருக்குச் சக வல்லுநர்களின் துணை, நவீனக் கருவிகள், பலவகை நோயாளிகள் ஆகிய யாவும் கிடைக்கின்றன. வாழ்க்கைத்துணையின் வேலைவாய்ப்பும் பிள்ளைகளின் கல்வியும் அங்கேயே அமைகின்றன. மாவட்ட மருத்துவமனையின் ஒரே மயக்க மருந்து நிபுணரோ இரவும் பகலும் அழைப்பை எதிர்நோக்கியிருக்க வேண்டியவர்; விடுப்பில் சென்றால் அவருக்கு மாற்றாள் இல்லை. இந்தச் சுமைக்கு ஊதிய அட்டவணையில் இடமில்லை.

கட்டண விதிகளும் நகரத்தின் பக்கமே சாய்கின்றன. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 2025 அக்டோபரில் திருத்தப்பட்ட கட்டணங்களில், எக்ஸ் பிரிவு நகரங்களைவிட ஒய் பிரிவுக்கு 10 சதவீதமும் இசட் பிரிவுக்கு 20 சதவீதமும் குறைவு. சிறு நகரில் வாடகை குறைவு என்பது உண்மையே. ஆனால் கருவிகளின் விலை எங்கும் ஒன்றுதான். அங்கு வர நிபுணர் கேட்கும் ஊதியமோ பல வேளைகளில் நகரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மேற்கொள்ளத்தக்க வழிகள்

இக்குறையைப் போக்கச் சில முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ், நிபுணரே தமக்கு வேண்டிய ஊதியத்தைக் குறிப்பிட்டுக் கேட்கும் முறைக்கு இடமளிக்கப்பட்டது. சத்தீஸ்கர் மாநிலம் மருத்துவ நிலையங்களை அவற்றின் கடினத்தன்மைக்கேற்பத் தரம் பிரித்து, அதற்கேற்ற ஊக்கத்தொகையை வகுத்தது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் இடஒதுக்கீடு வழங்கும் மாநில அதிகாரத்தை, தமிழ்நாட்டு மருத்துவ அலுவலர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உறுதி செய்தது. மாவட்டந்தோறும் அரசு மருத்துவக் கல்லூரி என்ற தெலங்கானாவின் கொள்கையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. கல்லூரி அமையும்போது நிபுணர் தனித்து வராமல் ஒரு குழுவின் உறுப்பினராக வருகிறார்.

நடைமுறையிலுள்ள படிகள், நகரத்தின் செலவை நகரத்தில் வாழ்பவர்க்கு ஈடுசெய்கின்றன. மாவட்டத்தில் பணிபுரிபவர் இழப்பவற்றுக்கு அதுபோன்ற ஈடு இல்லை. கடினமான இடங்களுக்கென உள்ள தனிப்படி எல்லா ஊழியர்க்கும் பொதுவானது. நிபுணர் பற்றாக்குறையை அளவாகக் கொண்டதன்று. காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையையும் பணிச்சுமையையும் அடிப்படையாகக் கொண்ட படி ஒன்றை வகுப்பதும், ஒவ்வொரு சிறப்புத் துறையிலும் ஒருவருக்கு இருவராக நியமிப்பதும் ஊதியச் சீர்திருத்தத்தின் முதற்பணிகளாதல் வேண்டும். அப்போதுதான் மாவட்டங்களில் கட்டப்பட்ட அறுவை அரங்குகள், அவை யாருக்காகக் கட்டப்பட்டனவோ அவர்களுக்குப் பயன்படும்.