இடம் இருந்தும் ஏற்காத ஹார்ட் டிஸ்க்

கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் 7 ஜிபி அளவில் ஒரே கோப்பாகப் படத்தைக் கொடுத்திருக்கிறார். வீட்டிலுள்ள ஹார்ட் டிஸ்கிலோ பாதிக்கு மேல் காலி. ஏற்றப் போனால், 'கோப்பு மிகப் பெரியது' என்று சொல்லிக் கணினி மறுத்துவிடுகிறது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று உடனே அவர்மேல் பாயாதீர்கள். டிஸ்க் கெடவில்லை. அதற்குள் இருக்கும் கணக்குப் புத்தகம்தான் போதவில்லை.

தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். பெயருக்கு நேராகப் பால் எடை எழுதும் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். 99 கிலோ வரை கிராணி எழுதுவார். 100 கிலோ கொண்டுவந்தால்? தொட்டியில் பால் ஊற்ற இடமுண்டு, ஏட்டில் எழுத இடமில்லை. டிஸ்கின் கதையும் இதுவே. 'ஃபேட் 32' என்ற ஏட்டு முறையில் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 கட்டங்கள்தாம் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 மட்டுமே எழுதலாம். அப்படி எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. ஆகவே, முழுதாக 4 ஜிபி உள்ள ஒரு கோப்பைக்கூட அது ஏற்காது. ஆயிரம் புகைப்படங்கள் தடையில்லாமல் உள்ளே போய், கல்யாணப் படம் மட்டும் வாசலில் நிற்பது இதனால்தான்.

இப்படி ஒரு ஏட்டை ஏன் செய்தார்கள் என்று கேட்பீர்கள். ஃபேட் 32 வந்தது 1996-இல், விண்டோஸ் 95-இன் மறுபதிப்போடு. அன்று வீட்டுக் கணினியின் முழு டிஸ்குமே ஓரிரண்டு ஜிபிதான். ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொடும் என்று அன்று யார் கவலைப்பட்டார்கள்!

உங்கள் டிஸ்கில் எந்த ஏடு இருக்கிறது என்று பார்ப்பது எளிது. கணினியில் டிஸ்கின் படத்தின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'புராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் ஃபேட் 32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இவற்றில் ஒன்று எழுதியிருக்கும். 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட்டுக்கு இந்த 4 ஜிபி தடை கிடையாது. விண்டோஸ், ஆப்பிள் இரண்டிலும் எழுதலாம், படிக்கலாம். என்டிஎஃப்எஸுக்கும் தடை இல்லை. ஆனால் ஆப்பிள் கணினி அதைப் படிக்கும், தானாக எழுதாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி சில ஃபேட் 32-ஐ மட்டுமே அறியும். அப்படிப்பட்ட பெட்டி உள்ளவர்கள், படத்தை இரண்டு மூன்று துண்டாக்கித் தரும்படி வீடியோக்காரரிடமே கேட்டுவிடலாம்.

ஏட்டை மாற்றுவதற்குப் 'ஃபார்மெட்' செய்ய வேண்டும். தாய்மார்களே, பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். ஃபார்மெட் என்றால் பழைய செக்ரோலைக் கிழித்துவிட்டுப் புதியதைத் தைப்பது. உள்ளே இருப்பதை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்த்த பிறகே செய்யலாம். சில தொலைக்காட்சிப் பெட்டிகள் டிஸ்கைச் செருகியதும் தாமாகவே 'ஃபார்மெட் செய்யவா?' என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால், இடித்துத் தள்ளிய லயத்தின் படமும், காலமான பாட்டியின் குரலும் அதோடு போகக்கூடும். தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போன பிறகு அவற்றைத் திரும்ப எங்கே போய் எடுப்பது? தவறி அழுத்திவிட்டவர்கள் அதில் வேறெதையும் ஏற்றாமல், மீட்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் ஓரளவு கிடைக்க வாய்ப்புண்டு.

இன்னொரு புகாரும் உண்டு. 1 டிபி என்று சொல்லி விற்றார்கள், கணினியோ 931 ஜிபி என்று காட்டுகிறது என்பார்கள். இது ராத்தலுக்கும் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் போன்றது. செய்தவர்கள் 1 ஜிபியை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,073,741,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. தஞ்சோங் டாவாய்க் கடையில் ஒரே கருவாட்டை இரு தராசில் நிறுத்த மாதிரிதான், சரக்கு குறையவில்லை.

டிஸ்க் சுழலத் தொடங்கி நின்று நின்று போனால், முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். அடுத்து, கணினியின் வேறொரு வாயில் செருகுங்கள். பழைய யுஎஸ்பி 2 வாய் தருவது 500 மில்லி ஆம்பியர்தான், புதிய யுஎஸ்பி 3 வாய் 900 தரும். 'டிக் டிக்' என்று உள்ளே தட்டும் ஓசை கேட்டால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே கழற்றி வைத்துவிடுங்கள். ஓட ஓடச் சேதம் கூடும்.

கடைசியாக, கோப்புக்குப் பெயர் வைப்பது. தமிழிலேயே வைக்கலாம், நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் நீளத்துக்கு வரம்புண்டு. லினக்ஸ் கணினியிலும் பல கைப்பேசிகளிலும் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'மாரியம்மன்' நம் கண்ணுக்கு ஆறெழுத்து. கணினிக்கோ புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி என்பதால் 10 குறி, 30 பைட். விண்டோஸில் இடம் பெற்ற நீண்ட பெயரைக் கைப்பேசி மறுப்பது இதனால்தான். கேள்விக்குறி, சாய்கோடு, முக்காற்புள்ளி மூன்றையும் விண்டோஸ் பெயரில் ஏற்காது. '2024-மாரியம்மன்-தீமிதி' என்று ஆண்டை முன்னால் வைத்துச் சுருக்கமாக எழுதினால், திருவிழாப் படங்கள் ஆண்டு வரிசையிலேயே வந்து நிற்கும்.