பத்து நாள் மௌனமும் தொழிலாளியின் ரஜாவும்

தியானம் என்றவுடன் நம் ஜனங்களுக்கு மலைக்குகையும் மான்தோலும் நினைவுக்கு வருவது வழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலையின் முன் நிற்கும் ஒருவனிடத்தில், பத்து நாள் வாய் திறவாமல் அமர்ந்து பழகும் பயிற்சியொன்று இருக்கிறது என்று சொன்னால், அது காசும் ஓய்வும் மிகுந்த பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு என்று அவன் சிரித்துவிடுவான். காசைப் பற்றிய மட்டில் அவன் எண்ணம் சரியன்று. ஓய்வைப் பற்றிய மட்டிலோ அவன் சொல்வதே நியாயம்.

சென்னைக்குத் தென்மேற்கே, சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கு அருகில், திருமுடிவாக்கத்தில் ‘தம்ம சேது’ என்னும் விபஸ்ஸனா நிலையம் நடந்து வருகிறது. கும்மிடிப்பூண்டிவாசி மின்சார ரயிலில் சென்னைக்கு வந்து, பூங்கா நிலையத்தில் வண்டி மாறிப் பல்லாவரத்தில் இறங்கினால், பிறகு பஸ் பிரயாணந்தான். அங்கே தங்குவதற்கும் உண்பதற்கும் கற்பதற்கும் கட்டணம் கிடையாது. ஒரு முறையேனும் பயிற்சியை முடித்தவர் மனமுவந்து கொடுப்பதை மட்டுமே ஏற்பார்கள். புதிதாக வருபவன் முன்கூட்டிக் கொடுக்க விரும்பினாலும் வாங்குவதில்லை. காசு விஷயம் இத்துடன் முடிந்தது.

முதன்முறை செல்பவன் அறிந்துகொள்ள வேண்டிய நியமங்கள் சில உண்டு. சேர்ந்த அன்றே கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும். படிக்கலாகாது, எழுதலாகாது, பக்கத்திலிருப்பவனுடன் சைகையாலும் பேசலாகாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கவும், தேவையானதை ஊழியரிடம் தெரிவிக்கவும் மட்டும் தடையில்லை. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பார்கள். இடையே ஏறக்குறைய பத்து மணி நேரம் அமர வேண்டும். பதினோரு மணிக்கு மதிய உணவு. மாலையில் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும் கிடைக்கும், இரவு உணவு இல்லை. முதல் மூன்று நாட்களும் மூக்கின் வழியே வந்து போகும் மூச்சைக் கவனிப்பதே வேலை. நான்காம் நாள்தான் உடலெங்கும் தோன்றி மறையும் உணர்ச்சிகளை, விருப்பும் வெறுப்புமின்றிப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். அன்று முதல் தினம் மூன்று வேளை, ஒவ்வொரு மணி நேரம், கை கால் அசைக்காமல் அமரும் உறுதியும் சேர்கிறது.

கேட்கச் சுலபமாயிருக்கிறது! முழங்காலும் முதுகும் இரண்டாம் நாளே முறையிடத் தொடங்கும். யந்திரங்களின் இரைச்சலில் எட்டு மணி நேரம் இருந்து பழகியவனுக்கு அந்த நிசப்தமே ஒரு பாரமாகும். மறந்துவிட்ட கடன், பழைய சண்டை, யாரோ சொன்ன ஒரு சொல் யாவும் அழையாமலே வந்து நிற்கும். தீராத மனநோயுள்ளவர்கள் இப்பயிற்சிக்கு உரியவரல்லர் என்று நிலையத்தாரே எச்சரிக்கிறார்கள். விண்ணப்பத்தில் அதை மறைப்பது ஆபத்து.

இந்த முறை நமக்கு வந்த வழியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ரங்கூனிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவை அரிசியும் தேக்கும் மட்டுமல்ல. இதை நாடெங்கும் பரப்பிய சத்ய நாராயண கோயங்கா, மாந்தலையில் 1924இல் பிறந்த வியாபாரி. ஒற்றைத் தலைவலிக்கு மருந்து காணாமல் 1955இல் ஊ பா கின் என்பவரை நாடியவர். அந்த ஊ பா கின், 1948இல் சுதந்தர பர்மாவின் கணக்குத் தலைமை அதிகாரியாகித் தம் காரியாலயத்திலேயே சிப்பந்திகளுக்குத் தியானம் கற்பித்தவர். அவர் 1937இல் முதற்பாடம் கேட்ட சாயா தெட்ஜியோ துறவியல்லர். இளமையில் நெல்வண்டி ஓட்டிப் பிழைத்த குடியானவர். 1969இல் கோயங்கா பம்பாயில் நடத்திய வகுப்பே இந்தியாவில் அவர் நடத்திய முதல் வகுப்பு. ஆகவே, வண்டியோட்டியிடமிருந்து குமாஸ்தாவுக்கும், குமாஸ்தாவிடமிருந்து வியாபாரிக்கும் வந்த வித்தை இது. இதை உலைக்களத்தானுக்கு ஆகாதது என்று எவர் சொல்லக்கூடும்? பாஷையும் தடையாகாது. கோயங்காவின் பிரசங்கங்கள் ஹிந்தியில் உள்ளன, தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. பீஹாரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்தவனும், காக்களூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் திருவள்ளூர்க்காரனும் ஒரே மண்டபத்தில் அமரலாம்.

தடை நாட்களில்தான் இருக்கிறது. சேரும் நாளும் புறப்படும் நாளும் கூட்டினால் பன்னிரண்டு நாட்களாகும். புதியவனுக்கு இதைவிடக் குறுகிய பயிற்சி கிடையாது. ஒரு நாள், மூன்று நாள் வகுப்புகள் ஒரு முறை பத்து நாள் இருந்தவர்களுக்கே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய ரஜா என்று வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும் அவ்விகிதத்தை உயர்த்தவில்லை. வருஷத்தில் 300 நாள் உழைத்தவனுக்குப் பதினைந்து நாள். வார ஓய்வைக் கழித்தாலும் மௌனத்துக்குப் பத்தோ பதினொன்றோ போய்விடும். மிஞ்சிய நாலைந்து நாளில் தங்கையின் கல்யாணம், குழந்தையின் ஜுரம், ஊருக்குப் போய்வரும் ரயில் பிரயாணம் எல்லாம் அடங்க வேண்டும். காண்டிராக்டர் மூலம் வேலைக்கு வந்தவன் நிலையோ இன்னும் மோசம். சட்டத்திலுள்ள ரஜாவைக் கேட்டால் மறுநாள் அவனிடத்தில் வேறொருவன் நிற்பான் என்ற அச்சம் அவனுக்கு உண்டு.

1994 ஏப்ரலில் டில்லி திகார் சிறையில், கிரண் பேடி தலைமை அதிகாரியாயிருந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒருங்கே இப்பத்து நாட்களையும் கழித்தார்கள். அது மெச்சத்தக்க காரியமே. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலிருப்பவனுக்குக் கிட்டிய அவகாசம், குற்றமேதும் செய்யாமல் ஆலையில் உழைப்பவனுக்குக் கிட்டாதிருப்பது நமக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது.

ஆலை முதலாளிகளிடம் நாம் கேட்பது பெரிதன்று. பாதுகாப்புப் பயிற்சிக்கு ஆளனுப்பினால் அந்நாட்களை வேலை நாட்களாகவே எழுதிக்கொள்கிறார்களே, அவ்வண்ணமே ஆயுளில் ஒரு முறை, விரும்பிக் கேட்பவனுக்கு மட்டும், இப்பத்து நாளையும் எழுதட்டும். எவரையும் நிர்ப்பந்தித்து அனுப்பலாகாது. கூலி உயர்வு கேட்பவனுக்குப் பதிலாகத் தியானத்தைக் காட்டுவதும் ஆகாது. விபஸ்ஸனாவில் விருப்பமில்லாதவன் அந்நாட்களைத் தன் மதத்துக்குரிய வேறொரு தவத்துக்கோ யாத்திரைக்கோ கேட்டாலும் கொடுக்க வேண்டும். வருஷாந்தரப் பழுதுபார்ப்புக்காக உலை நிறுத்தப்படும் நாட்களை ஒட்டி இதை ஏற்பாடு செய்தால் உற்பத்திக்கும் அதிகக் குறைவு நேராது. தொழிற்சங்கத்தார் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் போனஸுக்குப் பக்கத்திலேயே இதையும் ஒரு கோரிக்கையாக எழுதலாம்.

அதுவரையில் செல்ல விரும்புபவன், ரஜா விண்ணப்பத்தைப் பதினைந்து நாள் முன்னதாகவே கொடுத்து வைக்கட்டும். பத்தாம் நாள் காலை மௌனம் விலகும். பதினோராம் நாள் காலை உணவுக்குப் பின் வீடு திரும்பலாம். இரவு ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர அது போதுமான நேரமே.