மாமனாருக்கு ஒரு சட்டக் கடிதம்

யூத சமய அறிஞரான ரப்பி அகிவா ஈகர் பிறந்தது 1761இல். ரப்பி மோசே சோஃபர் பிறந்தது 1762இல். வயதில் தோழர்கள், உறவிலோ மாமனார் மருமகன். மனைவியை இழந்த சோஃபர், 1812இல் ஈகரின் மகளை மணந்தார். மாமனார் பின்னர் போஸென் நகரில், மருமகன் பிரெஸ்பர்கில். முன்னது இன்று போலந்தில் இருக்கிறது. பின்னது ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா. இருவருக்கும் நடுவே கடிதங்கள் போய்வந்தன.

யூத சமயச் சட்டத்தின் ஒரு பகுதி இப்படித் தபாலில் வளர்ந்ததுதான். மணவிலக்குப் பத்திரம் செல்லுமா என்று ஊரில் ஒரு சிக்கல் எழும். உள்ளூர் ரப்பி நடந்ததை எழுதி, யூதச் சட்ட விவாத நூலான தல்மூத்திலிருந்து ஆதாரங்களை அடுக்கி, தன் கருத்தையும் சொல்லி இன்னொரு அறிஞருக்கு அனுப்புவார். பதில் வரும், பதிலுக்கு மறுப்பும் போகும். இவ்வகை எழுத்துக்கு எபிரேயத்தில் ‘கேள்விகளும் பதில்களும்’ என்றே பெயர்.

அப்படியொரு தாளைக் கையில் எடுத்தால், வலமிருந்து இடமாக ஓடும் விரைவுக் கையெழுத்து. அச்சு எபிரேயம் படித்தவரும் திணறுவார். உயிர்க்குறிகள் கிடையாது. தேதிக்குப் பதில், அந்த வாரம் ஜெபாலயத்தில் வாசிக்கும் தோரா எனும் வேதப் பகுதியின் பெயர் இருக்கும். பெறுபவரை ‘நீங்கள்’ என்றும் விளிக்காமல், ‘அவரது கல்விப் பெருமை’ என்ற பொருளில் படர்க்கையில் எழுதுவார்கள்.

மிகவும் குழப்புபவை சுருக்கங்கள். கடைசி எழுத்துக்கு முன் இரண்டு சிறு கோடுகள் இருந்தால் அது சுருக்கம்; எண்ணுக்கும் அதே அடையாளம். ‘ஷீன்’, ‘ஸாமெக்’ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து நின்றால் 360 எனலாம், தல்மூத் எனவும் கொள்ளலாம். முன்பின் வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சில உறைகளின் மேல் ஐந்தெழுத்துச் சுருக்கம் ஒன்று தென்படும். பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர் சமூக விலக்குக்கு உள்ளாவார் என்ற எச்சரிக்கை அது. சுமார் 1000ஆம் ஆண்டில் மைன்ட்ஸ் நகரில் வாழ்ந்த ரப்பி கெர்ஷோம் விதித்ததாகச் சொல்லப்படும் தடை அது. பூட்டில்லாத தபால் பைக்கு அதுவே பூட்டு.

சட்டத் தொகுப்புகளை அச்சிட்டவர்கள் நலம் விசாரிப்பையும் வீட்டுச் செய்தியையும் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். மோசே சோஃபரின் பேரன் ஷ்லோமோ சோஃபர் குடும்பக் கடிதங்களைத் தனியே திரட்டி ‘இகரோத் சோஃப்ரிம்’ என்ற நூலாக்கினார். சட்டத் தொகுப்பில் தேடினால் அகிவா ஈகர் என்ற சட்ட அறிஞர் கிடைப்பார். மாமனாரைப் பார்க்க இந்தக் கடிதங்களிடம்தான் வரவேண்டும்.