சமையலறை ஸ்பானிஷ்

அயல்மொழி கற்போம் – 7

சென்ற வாரம் ஸ்பானிஷ் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டினோம். இந்த வாரம், அந்த மொழி புழங்கும் ஊருக்கே போய்த் தங்கிப் படிப்பதைப் பார்க்கலாம். ஸ்பெயின் நல்ல நாடுதான். ஆனால் செலவு, ஆசிரியர், தங்கும் வீடு என்று எப்படிக் கணக்குப் போட்டாலும் என் ஓட்டு குவாத்தமாலாவுக்கே.

மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கும் சின்ன நாடு அது. பழைய தலைநகரமான ஆன்டிகுவா 1773 நிலநடுக்கத்தில் நொறுங்கியது. மூன்றே ஆண்டுகளில் தலைநகரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களும் எரிமலைகளும் சூழ்ந்த அந்த ஊர் 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. இன்று அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் தொழில். ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். காலையில் நான்கு மணி நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேச்சு. மீதிப் பொழுது உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். பெரும்பாலும் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேதான்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் கணக்கு கொஞ்சம் கசக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளை ஸ்பானிஷில் தயார்செய்ய ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேர வகுப்புகளை ஒதுக்குகிறது. ஆன்டிகுவாவில் ஒரு மாதம் படித்தால் உங்களுக்குக் கிடைப்பது 80 மணி நேரம். அதை மட்டும் நம்பினால் ஊர் திரும்பும்போது பேரம் பேசலாம், வழி கேட்கலாம், அவ்வளவுதான். மீதிப் படிப்பு வகுப்புக்கு வெளியே நடந்தாக வேண்டும். அங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

காரணம் ஆங்கிலம். ஆன்டிகுவாவின் காபிக் கடையில் ஆங்கிலம், பயண ஏஜெண்டிடம் ஆங்கிலம், பக்கத்து மேசையில் படிக்கும் ஜெர்மன்காரரிடமும் ஆங்கிலம். மதியம் வகுப்பு முடிந்ததும் சக மாணவர்களோடு சாப்பிடப் போனால் அன்றைய ஸ்பானிஷ் அதோடு முடிந்தது. நாம் ஏற்கெனவே ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சுமப்பவர்கள். திணறினால் நாக்கு தானாக அங்கே ஓடும். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி 1915இலிருந்து கோடைக்கால மொழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. அங்கே சேரும் மாணவர்கள் படிக்கும் மொழியைத் தவிர வேறெதையும் பேசமாட்டேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்க மண்ணிலேயே அந்த ஏற்பாடு பலன் தருகிறது. ஆகவே ஊரைவிடக் கட்டுப்பாடுதான் முக்கியம் என்பது என் கட்சி. ஊர் அந்தக் கட்டுப்பாட்டைச் சுலபமாக்கும், அவ்வளவே.

அதனால்தான் ஆன்டிகுவாவைவிட அதே நாட்டிலுள்ள ஷேலாவைச் சிபாரிசு செய்கிறேன். வரைபடத்தில் அதன் பெயர் கெட்சால்தெனாங்கோ. உள்ளூர்க்காரர்கள் வாயில் ஷேலா. கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கு அதிகமான உயரம், இரவில் நல்ல குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். அழகில் ஆன்டிகுவாவுக்கு ஈடில்லை. சுற்றுலாக் கூட்டம் குறைவு என்பதுதான் அதன் பெருமை.

ஆங்கிலத்தைக் கைவிடச் சொல்கிறேனே தவிர, தமிழை அல்ல. தமிழ் இங்கே ஆச்சரியமான அளவுக்குக் கைகொடுக்கும். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் ‘மே குஸ்தா’ என்ற அமைப்பில் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு அதில் விளக்கவே ஒன்றுமில்லை. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அதே வார்ப்பு. வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ எல்லாம் பல இடங்களில் தேவையில்லை. அதுவும் நம் வழக்கம்தான். ‘நீ’யும் ‘நீங்களு’ம் வேறு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குவாத்தமாலாவில் நெருங்கியவர்களுக்கு ‘வோஸ்’, மற்றவர்களுக்கு ‘உஸ்தேத்’. இடையில் ‘து’ என்று இன்னொன்றும் உண்டு. சந்தேகம் வந்தால் ‘உஸ்தேத்’ போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒலியும் அப்படியே. ஸ்பானிஷின் ‘த’ நம் தகரத்தைப் போல நாக்குப் பல்லைத் தொடும் ஒலி. ஆங்கில வழியில் வந்தவர்கள் அதை ‘ட’ ஆக்கி ‘டாக்கோ’ என்பார்கள். தாக்கோ என்றே சொல்லலாம். ஞகரம் அங்கேயும் இருக்கிறது. ஸ்பெயினுக்கு அந்த மொழியில் பெயரே எஸ்பாஞா. ரகர றகர வேறுபாட்டை இன்னும் நாவில் வைத்திருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ‘ஆனால்’ என்ற பொருள் தரும் பெரோவும் நாயைக் குறிக்கும் பெறோவும் குழம்பாது. ஆனால் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்ற கூத்துக்குத் தமிழில் எந்த உதவியும் கிடையாது. அதை நெட்டுருப் போடத்தான் வேண்டும்.

இனி வீடு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதும் மாணவர் விடுதியிலேயே தங்கியிருக்கலாம். போய்ச் சமையலறையில் உட்காருங்கள். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவை உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டித் தோர்த்தியா ஆக்கி, கோமால் என்ற தட்டையான கல்லில் போடுவார்கள். ஒன்றைத் தட்டிப் பாருங்கள், கோணலாக வரும். வீடே சிரிக்கும், சிரிப்பு வந்துவிட்டால் பேச்சும் வந்துவிடும். கருப்பு பீன்ஸை எப்படி வேகவைத்தீர்கள் என்று பாட்டியிடம் கேட்டால் நறுக்கினேன், அரைத்தேன், தாளித்தேன் என்று ஒரு பாடப்புத்தக அளவுக்கு இறந்தகால வினைகள் வந்து விழும். மறுநாள் அதே சமையலை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடானால் இன்னும் நல்லது. அவர்கள் தவறைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், உடனே திருத்துவார்கள்.

சைவர்கள் கவனிக்க: ‘நோ கோமோ கார்னே’, இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது. பலருக்குக் கார்னே என்றால் மாட்டிறைச்சிதான். அன்புடன் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ‘நி போயோ, நி பெஸ்காதோ’, கோழியும் கூடாது மீனும் கூடாது என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: யாராவது ‘ஃபீஹெசே கே’ என்று ஆரம்பித்தால் பின்னால் வருவது கெட்ட செய்தி. நம்மூர் ‘என்னாச்சுன்னா...’ மாதிரி. வெந்நீர் இல்லை, பஸ் போய்விட்டது, ஏதோ ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடு இல்லை என்று வருந்தாதீர்கள். சந்தைக்குப் போய் ‘ஆ கோமோ’ என்று விலை கேளுங்கள், கேட்ட எண் புரிகிறதா என்று பாருங்கள். பேருந்திலும் ஏறிப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளிகள் கழித்துக்கட்டிய மஞ்சள் பேருந்துகளுக்கு வண்ணம் பூசி ஓட்டுவார்கள். படிக்கட்டில் தொங்கியபடி உதவியாளர் ஊர்ப்பெயர்களைக் கூவுவார். பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது அபூர்வம்.

கேட்டுக்கொண்டே இருந்தால் மொழி ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்குக் கனடா ஒரு பாடம் வைத்திருக்கிறது. மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கிலக் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே நடத்தத் தொடங்கினார்கள். அத்தகைய வகுப்புகளில் வளர்ந்த குழந்தைகள் கேட்டதையெல்லாம் புரிந்துகொண்டார்கள். பேச்சில் மட்டும் இலக்கணப் பிழை பல ஆண்டுகள் கழித்தும் போகவில்லை. பேசவும் திருத்தப்படவும் போதிய வாய்ப்பில்லை என்பதே மெரில் ஸ்வெயின் என்ற மொழியியலாளர் கண்ட காரணம். ஆகவே தனி ஆசிரியரை விரிவுரை நடத்த விடாதீர்கள். முந்தின நாள் வீட்டில் நடந்ததைக் கதையாகச் சொல்லுங்கள்; அவர் திருத்தட்டும்; அதையே மறுபடி சொல்லுங்கள். நான்கு மணி நேரத்தில் இரண்டரை மணி நேரமாவது பேசியது நீங்களாக இருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் வேறு ஆசிரியர் கேளுங்கள். பள்ளிகளுக்கு அது பழகிய சங்கதி.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. குவாத்தமாலாவில் இருபதுக்கு மேற்பட்ட மாயன் மொழிகள் வாழ்கின்றன. ஸ்பானிஷ் அங்கே பலருக்கு இரண்டாம் மொழி. கிச்சே இனத்தைச் சேர்ந்த ரிகோபெர்த்தா மென்சூ, வளர்ந்த பிறகே ஸ்பானிஷ் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். உள்நாட்டுப் போரில் தம் மக்களுக்கு நடந்த கொடுமைகளை அந்த மொழியில்தான் உலகுக்குச் சொன்னார். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

புறப்படும் முன் எண்கள், நிகழ்கால வினைகள், சில நூறு சொற்கள் இவற்றை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அதற்கு அங்கே போய்க் காசு செலவழிப்பது வீண். நண்பரோடு போனால் தனித்தனி வீட்டில் தங்குங்கள். பள்ளிக்கு எழுதும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: வேறு மாணவர் தங்காத வீடு கிடைக்குமா? வகுப்பில் ஆங்கிலமே பேசாத ஆசிரியர் கிடைப்பாரா? இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லாத பள்ளிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.