தெருமுனைக்கும் வண்டியில்

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கி, தென் மாவட்டங்களுக்குப் பேருந்துப் பயணத்தைப் பழக்கியவர்களில் ஒருவர். அவர் பெயரைத் தாங்கிய குழுமம் 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மொபெட்டை இறக்கியது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. தாமிரபரணிக் கரை ஊர்களில் அதில் ஏறாத பாரம் இல்லை. புல்லுக்கட்டு, வாழைத்தார், பால் கேன், உர மூட்டை, போதாக்குறைக்குப் பின்னால் ஓர் ஆள். அதுவரை தலைச்சுமையாகவும் சைக்கிள் கேரியரிலும் போன சரக்குகள்தான் இவை.

நெல்லையில் உடல் பருமன் என்று பேச்செடுத்தால் முதலில் மாட்டிக்கொள்வது அல்வா. அல்வா பாவம். அது தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. எடை ஏறிய வேகம் அப்படி இல்லை. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 28.2 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். 2019-21-இல் அதே கணக்கு பெண்களில் 40.4, ஆண்களில் 37. நாடு முழுவதற்குமான அளவோ 24, 23-ஐ ஒட்டியே நிற்கிறது. நாலைந்து ஆண்டுக்குள் ஒரு மாநிலமே இப்படிக் கனத்ததற்கு ஓர் இனிப்புக் கடையைக் கைகாட்டுவது நியாயமில்லை. எண்ணெய்ப் பலகாரம், வேலையின் தன்மை, தூக்கம், தொலைக்காட்சி என்று காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒன்று வாசலில் நிற்கும் வண்டி.

வண்டி என்றால் இங்கே காரல்ல. 2019-21 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் கார் வைத்திருந்தவை நூற்றுக்கு எட்டுகூட இல்லை. இருசக்கர வாகனம் ஏறக்குறையப் பாதி வீடுகளில் இருந்தது. அமெரிக்காவில் காரையும் பருமனையும் முடிச்சுப்போட்டு எழுதப்பட்டவற்றை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இங்கே வீட்டுக்குள் நுழைந்தது பைக்கும் ஸ்கூட்டியும். அவை சந்துக்குள் போகும், வரப்போரம் போகும், டீக்கடை வாசல் வரை போகும். கார் தூரப் பயணத்தை மாற்றியது என்றால், பைக் தின்றது கிட்டத்து நடையை.

வண்டி வாங்கினால் எடை கூடுமா, அல்லது காசு சேர்ந்தவர் வண்டியும் வாங்குகிறார், நன்றாகவும் சாப்பிடுகிறார், அவ்வளவுதானா? ஆய்வாளர்களை நீண்ட காலம் குழப்பிய கேள்வி இது. இதற்கு ஓரளவு விடை சீனாவிலிருந்து வந்தது. 1989 முதல் 1997 வரை ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. அந்த எட்டு ஆண்டில் புதிதாக மோட்டார் வண்டி வாங்கிய ஆண்கள், வாங்காதவர்களைவிட 1.8 கிலோ கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். அவர்கள் உடல் பருமன் அடையும் வாய்ப்பும் இரு மடங்கு. வண்டிக்கு முன், வண்டிக்குப் பின் என்று பார்க்க முடிந்ததுதான் இதன் பலம். பெண்களிடம் அந்த மாற்றம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த வண்டியை ஓட்டியது பெரும்பாலும் யார் என்று யோசித்தால் அதில் வியப்பில்லை.

பதினேழு நாடுகளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் இன்னொரு கோணத்தைக் காட்டியது. இந்தியாவும் அதில் உண்டு. வருமானம் குறைந்த நாடுகளில், கார், கணினி, தொலைக்காட்சி மூன்றும் இல்லாத வீடுகளில் பருமனானவர் 3.4 விழுக்காடு, மூன்றும் உள்ள வீடுகளில் 14.5. நீரிழிவு 4.7-இலிருந்து 11.7 ஆனது. பணக்கார நாடுகளில் இந்த ஏற்றம் காணப்படவில்லை. பொருள் புதிதாக வந்து இறங்கும் இடத்தில்தான் அடி பலமாக விழுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 2013-இல் வந்தது. லக்னோ, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு ஆலைத் தொழிலாளர்களையும் கிராமங்களில் வாழும் அவர்களின் உறவினரையும் வைத்து நடந்த ஆய்வு அது. சொந்த வண்டியில் வேலைக்குப் போனவர்களில் பாதிப்பேர் அதிக எடையுள்ளவர்கள். நடந்தும் சைக்கிளிலும் போனவர்களில் நாலில் ஒருவர்தான். பேருந்தில் போனவர்கள் இரண்டுக்கும் நடுவில். அந்தக் கிராமத்தார் மூன்றில் இரண்டு பேர் அப்போதும் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்கள். நகரத்தாரில் ஆறு பேரில் ஒருவர்.

ஒரு கணக்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் ஐம்பது கலோரி செலவாகும். நாளுக்கு மூன்று கிலோமீட்டர் நடை நின்றுபோனால் மிச்சமாவது 150 கலோரி, மூன்று இட்லிக்குக் கொஞ்சம் குறைய. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக ஆண்டுக்கு ஏழு கிலோ ஏற வேண்டும். நல்லவேளையாக உடல் அப்படி வட்டிக்கடைக் கணக்கு போடுவதில்லை. எடை கூடக் கூட அந்த உடம்பைச் சுமக்கும் செலவும் கூடும். பசியும் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். சீனாவில் எட்டாண்டு வித்தியாசம் இரண்டு கிலோவுக்குள் நின்றது இதனால்தான் எனலாம். ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு இரண்டு கிலோ கூடினால், சுகர், பிரஷர் மாத்திரைக்கு வரும் கூட்டம் கூடத்தான் செய்யும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு.

ஆற்றுப்பாசனப் பகுதியில் இழந்த நடை எது என்று பார்த்தால் வயலிலிருந்தே தொடங்கலாம். கன்னடியன் கால், கோடகன் கால், நதியுண்ணிக் கால் ஆகிய வாய்க்கால்கள் பாயும் ஊர்களில் கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் பார்க்க விடியுமுன் கால்கரையோடு நடந்து போவார்கள். மடை திருப்பிவிட்டு வருவார்கள். சாயங்காலம் இன்னொரு தடவை. இப்போது வரப்பு தொடங்கும் இடம் வரை பைக் போகிறது. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம். களத்து வேலையும் குறைந்தது, களத்துக்குப் போகும் நடையும் குறைந்தது. சாப்பாட்டின் அளவு மட்டும் பழைய சம்சாரியின் அளவு.

நெல்லை நகரத்தில் வாடகை சைக்கிள் கடை போன இடம் தெரியவில்லை. மணிக்கணக்குக்கு சைக்கிள் எடுத்து ஜங்ஷனிலிருந்து டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் மிதித்தவர்கள் இன்று தாத்தாக்கள். நெல்லையப்பர் கோயிலிலிருந்து ஜங்ஷன் மூன்று கிலோமீட்டருக்குள்தான். அந்தத் தூரத்துக்கு நடக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டி ரிப்பேரா என்று கேட்பார்கள்.

பெண்கள் விஷயத்தில் வண்டியைக் குறைசொல்வது அவ்வளவு சுலபமல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் கற்றபோது அது விடுதலையாகப் பேசப்பட்டது, சரியாகவே. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் தந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டமும் அதே வழியில் வந்ததுதான். இருட்டிய பிறகு பேருந்துக்குக் காத்து நிற்காமல் வீடு திரும்பும் பெண்ணிடம் போய் நடந்து வாருங்கள் என்று உபதேசிக்க எவருக்கும் வாயில்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பகல் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்குச் சொந்த வண்டி இல்லாமலேயே உடலசைவு குறைவு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பாலங்கள் வேறொரு கதை சொல்கின்றன. சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டு வண்ணார்பேட்டையில் தாமிரபரணி ஆற்றின் மேல் கட்டி 1843-இல் திறக்கப்பட்ட பாலம், படகுக்குக் காத்திருந்த சனங்களுக்கானது. 1970-களில் ஜங்ஷனில் வந்த திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலத்தில் பெரிய வாகனங்களுக்கு மேல்தளம், சைக்கிள் முதலான சிறு போக்குவரத்துக்குக் கீழ்த்தளம். சைக்கிள்காரனுக்கென்று ஒரு தளம் ஒதுக்க வேண்டும் என்று பொறியாளருக்குத் தோன்றிய காலம் அது. பிறகு வந்த சாலை விரிவாக்கங்களில் அந்த எண்ணம் அரிதாகிவிட்டது. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். ஏட்டில் இருக்கிறது, தெருவில் அந்த இடத்தில் பைக் நிற்கிறது.

அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பாதையைக் குறித்தது. நல்லதுதான். ஆனால் நோக்கத்தோடு வாக்கிங் போகிறவர்கள் இந்தியாவில் எப்போதும் சிறுபான்மை. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேர உடற்பயிற்சி செய்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. மீதிப்பேருக்குக் கிடைக்கக்கூடியது வேலைக்கும் கடைக்கும் போகும் வழியில் கிடைக்கும் நடைதான். அந்த வகையில், பேருந்தில் வந்தவர்கள் வண்டிக்காரர்களைவிட இளைத்திருந்தார்கள் என்ற 2013-ஆம் ஆண்டு முடிவு கவனத்துக்குரியது. நிறுத்தம் வரை ஒரு நடை, இறங்கிய பின் ஒரு நடை. யாரும் அதை உடற்பயிற்சி என்று எண்ணுவதில்லை. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைப் பணக் கணக்கில்தான் இதுவரை அதிகம் அளந்திருக்கிறார்கள். அதே பெண்களின் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் சேர்த்து அளக்க, வீடு தேடிப் போகும் மருத்துவ ஊழியர்களின் கையில் கருவி ஏற்கெனவே இருக்கிறது.