பாறைக்குப் பாறை கட்டும் கயிறு: பெற்றோர் அறிய வேண்டுவன

தங்கவயல் இல்லங்களுக்குக் கயிறு புதிய பொருளன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குத் தொழில் தொடங்கினர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்விடைக்காலத்தில் நம் பாட்டன்மாரும் தந்தையரும் கம்பி வடத்தில் தொங்கிய கூண்டை நம்பியே பாதாளத்தில் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. அவ்வடத்தை நாள்தோறும் பார்த்துக் குறிப்பெழுதுவதற்கென்றே ஆள் உண்டு. குறித்த காலத்துக்கொரு முறை அதன் முனையை வெட்டி, உள்ளிழைகளைப் பிரித்துப் பார்த்து, மீண்டும் கட்டுவர். கயிற்றை நம்பலாம்; ஆயின் சோதித்த பின்னரே நம்பலாம் என்பது அவர்கள் வழக்கம்.

இன்று நம் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் வேறொரு கயிற்றை நாடிச் செல்கின்றனர். கோலார் நகரை அடுத்த அந்தரகங்கை மலையில் பாறையேறவும் குகை நுழையவும் பெங்களூரிலிருந்து கூட்டங் கூட்டமாக இளைஞர் வருகின்றனர். பள்ளிகளும் கல்லூரிகளும் நடத்தும் முகாம்களிலோ, இரு பாறைகளுக்கிடையே கயிறு கட்டிக் கடப்பதும், ‘ஜிப் லைன்’ எனப்படும் சரிவுக் கயிற்றில் கப்பி பூட்டிச் சறுக்குவதும் இடம்பெறுகின்றன. பெற்றோர் கையொப்பம் கேட்டுத் தாள் வீட்டுக்கு வருகிறது. நம்மில் பலர் படியாமலே ஒப்பமிட்டு அனுப்பிவிடுகிறோம்.

அன்பர்கள் முதலில் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. கயிறு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு பத்திரம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர் மாறானது. வீட்டுக் கொடிக் கயிற்றில் நனைந்த கம்பளி ஒன்றைப் போட்டு, கயிறு நேராகும்வரை இழுத்துப் பாருங்கள். கை சோருமேயன்றிக் கயிறு நேராகாது. ஆணிதான் பிடுங்கிக்கொண்டு வரும். நூறடி இடைவெளியில் கட்டிய கயிற்றின் நடுவில் எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் தொங்குவதாகக் கொள்வோம். அவர் எடையால் கயிறு பத்தடி தாழ்ந்தால், ஒவ்வொரு முனையிலும் விழும் இழுவிசை ஏறத்தாழ 200 கிலோ. ஐந்தடியே தாழுமாயின் 400 கிலோ. ஓரடி மட்டுமே தாழுமாறு முறுக்கிக் கட்டினால் 2,000 கிலோ! தொங்குபவர் அதே ஆள்தான். துள்ளி ஆடினால் இன்னும் கூடும்.

காரபினர் என்னும் பூட்டுக் கொக்கியின் மீது எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். 22 என்றிருப்பின் நெடுக்கில் ஏறக்குறைய 2,200 கிலோ இழுப்பைத் தாங்கும். குறுக்காகத் திரும்பிவிட்டாலோ வாய் திறந்துகொண்டாலோ பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கே தாங்கும். கயிற்றில் போடும் முடிச்சும் அதன் வலிமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைத்துவிடும். ஆகவேதான் மீட்புப் பணியாளரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. பதினொரு மில்லிமீட்டர்க் கயிறாயின், இழுப்பவர் தொகையைக் கப்பி அமைப்பு தரும் மடங்கினால் பெருக்கினால் பன்னிரண்டுக்கு மேற்படலாகாது. மும்மடங்கு தரும் அமைப்பில் நால்வர் இழுக்கலாம். ஐந்தாமவர் வேடிக்கை பார்க்கட்டும்.

பிடிமானம் ஒன்றே போதும் என்பவரை நம்பற்க. கயிற்றின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியே முழுச் சுமையையும் தாங்கவல்ல இரண்டு பிடிமானங்கள் வேண்டும். உருண்டு கிடக்கும் பாறை பெரிதாகத் தோன்றுவதாலேயே உறுதியானதாகிவிடாது. கருங்கல் விளிம்பில் கயிறு உராயுமிடத்தில் தடித்த துணியோ தோலோ இட வேண்டும். நைலான் கயிற்றின் மீது மற்றொரு நைலான் கயிறு ஓரிடத்திலேயே விரைந்து தேய்ந்தால் சூட்டில் உருகி அறுந்துபோகும். அதனால் கப்பியின்றிச் சறுக்கல் கூடவே கூடாது. கடப்பவரின் இடுப்புக் கச்சை, ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்குமாறு, இரண்டு கயிறுகளில் தனித்தனியே பூட்டப்பட வேண்டும்.

சறுக்குக் கயிற்றில் நிறுத்துவதே பெரும் வேலை. சரிவு பொதுவாக நூறடிக்கு மூன்று முதல் ஆறடி. அதற்கு மேற்படின் வேகம் கையை மீறும். கையுறையால் பிடித்து நிறுத்திக்கொள்ளலாம் என்பது போதாது. முடிவிடத்தில் தானாக இயங்கும் தடை ஒன்றும், அது தவறினால் காக்க மற்றொன்றும் இருத்தல் வேண்டும். முன்னவர் கொக்கியைக் கழற்றி விலகிய செய்தி வந்த பின்னரே அடுத்தவரை விட வேண்டும். இரயில்வேயில் பணிபுரிவோருக்கு இது விளக்க வேண்டாத விதி. ஒரு பகுதியில் ஒரு வண்டி. அது நீங்கியது தெரியாமல் அடுத்ததற்கு வழி இல்லை.

கருவிகள் அனைத்தும் சரியாக இருப்பினும், நடத்துபவர் யார் என்று கேட்டாக வேண்டும். 2018 ஜூலை 12-ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி நடந்தது. இரண்டாம் மாடியில் குதிக்கத் தயங்கி நின்ற பத்தொன்பது வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழே வலை பிடித்திருந்தும், முதல் மாடியின் வெயில் மறைப்பில் தலை மோதி அம்மாணவி உயிரிழந்தார். அப்பயிற்சிக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றும், அவர் தம்மால் அனுமதிக்கப்பட்டவர் அல்லர் என்றும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பின்னர் அறிவித்தது. சான்றிதழை முன்னரே ஒருவர் கேட்டுப் பார்த்திருக்கலாம். அதைவிட முக்கியமானது, தயங்கும் பிள்ளைக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புவது.

ஒப்பமிடுமுன் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: நடுவழியில் ஒருவர் மயங்கித் தொங்கினால் எப்படி இறக்குவீர்கள்? கச்சையில் அசைவற்றுத் தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்கும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆதலால் கடப்பவரைக் கரைக்கு இழுக்கத் தனிக் கயிறு அவரோடேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். முக்கிய கயிற்றைச் சுமையோடேயே மெல்லத் தளர்த்தி இறக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புவோம் என்று விடை வருமாயின், தாளில் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.